இரண்டாம் தடவை கேட்காத வீடு

துணை ஒன்பது வந்த முதல் வாரத்தில் எனக்கு வந்த புகார்களில் பாதி, சோறு சம்பந்தப்பட்டவை.

புகார் கேட்பதுதான் என் வேலை. வீட்டை நடத்துகிற எங்கள் இயங்குதளத்துக்குத் துணை என்று பெயர். விளக்கு, மோட்டார், வாசல் கதவு, நாடி பார்க்கிற கைப்பட்டை எல்லாம் அதன் பொறுப்பு. சுவரிலிருந்து பேசும். காப்பி கலந்து நீட்டவும் தெரியும். ஒன்பதாம் பதிப்பை ஊருக்கே கொடுப்பதற்கு முன்னால் சில வீடுகளில் மட்டும் ஏற்றிப் பார்ப்பது என்று முடிவானது. புதுப் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி பார்த்தே ஆக வேண்டும் என்று அடித்துப் பிடித்து ஓடுகிற கூட்டம் எந்த ஊரிலும் உண்டு இல்லையா, அந்த ரகத்து ஆட்கள் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள். கோபியில் அம்மாவோடு இருக்கிற என் தம்பி தரணியின் வீட்டுக்கு மட்டும் யாரையும் கேட்காமல் நானே ஏற்றிவிட்டேன். அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அக்காவின் சீராக இருக்கட்டுமே என்றுதான்.

நல்ல வார்த்தை சொன்னவர்களும் இருந்தார்கள். கரண்ட் பில் குறைந்தது, மோட்டார் தொட்டி நிரம்பியதும் நின்றது, சுவர் முன்னைப்போல் நொணநொணவென்று பேசுவதில்லை என்றார்கள். ஆனால் பெருந்துறைக்காரர் ஒருவர் போனில் வந்த வேகத்தைப் பார்த்தால் யாரோ அவர் சொத்தை எழுதி வாங்கிவிட்டார்கள் போலிருந்தது.

"ஏனுங்க, என்ற மச்சான் ஊட்டுக்குப் போனனுங்க. காப்பி குடிக்கிறீங்களான்னு சொவரு கேட்டுது. இல்லீங்க, இப்பத்தான் குடிச்சேன்னு சொன்னனுங்க. சரிங்கன்னு சொல்லிப்போட்டுப் பேசாம இருந்துருச்சுங்க!"

"நீங்கதானுங்களே வேண்டாம்னு சொன்னீங்க?"

"அதுக்கு? இன்னொருக்கா கேக்க வேண்டாமுங்களா? மானங்கெட்டுப் போயி நானா கேட்டு வாங்கிக் குடிப்பனா? இதென்னங்க வளப்பு!"

சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் முதல் 'வேண்டாம்' கணக்கிலேயே சேராது. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் உபசரிப்பு தொடங்குகிறது என்றே அர்த்தம். பந்தியில் பாருங்கள், வாய் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கை சும்மா மடியில் கிடக்கும். கை இலைக்குக் குறுக்கே வந்தால்தான் நிஜமாகவே போதும். எட்டாம் பதிப்பு எங்கள் வீடுகளில் பல வருடம் குடியிருந்து இதையெல்லாம் தானாகவே கற்றுக்கொண்டது. ஒன்பதோ முதல் மறுப்போடு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கியது.

மாற்றத்தை எழுதியவர் ஹக்கீம். கோயம்புத்தூர் அலுவலகத்தில் எனக்கு எதிர் வரிசையில் உட்காருகிறவர், அதிகம் பேசாதவர். பெருந்துறைக்காரர் கதையை அவரிடம் அபிநயத்தோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எட்டாவது பதிப்பு மூணு தடவை கேக்கும், தெரியுமா மேடம்? மூணாவது தடவையில பாதிப் பேரு சரின்னுடுவாங்க. காப்பிக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"எங்க அக்கா, ஷமீமா லாத்தா, புருஷன்கிட்ட அடி தாங்காம தனியா போத்தனூர்ல வீடு எடுத்து இருந்தாங்க. அந்த ஆள் ஒரு நாள் வாசல்ல வந்து நின்னான். துணை கேட்டுச்சு, திறக்கட்டுமான்னு. வேண்டாம்னாங்க. வீட்டுக்காரர்தானே, ரொம்ப நேரமா நிக்கிறாரேன்னு இன்னொரு தடவை கேட்டுச்சு. வேண்டாம்னாங்க. மூணாவது தடவை கேக்கும்போது லாத்தா அழுதுட்டு இருந்தாங்க, பதில் சொல்லலை. பேசாம இருந்தா சம்மதம்னு அதுக்கு நம்ம ஜனங்கதானே கத்துக் குடுத்திருக்கோம்? திறந்துடுச்சு."

"ஐயோ."

"இப்ப வலது காது கேக்காது அவங்களுக்கு."

அவர் தொடர்ந்தார்.

"அதனாலதான் ஒன்பதுல ஒரே விதி. ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம்தான். அதே விஷயத்தைத் திருப்பிக் கேக்கக் கூடாது. வேற யாருகிட்டயும் போய்ச் சொல்லவும் கூடாது. மனசு மாறி அவங்களே கூப்பிட்டா மட்டும் செய்யலாம்."

"எட்டு கத்துக்கிட்ட பழக்கமெல்லாம் என்னாச்சு? அழிச்சுட்டீங்களா?"

"அழிக்க முடியாது. உள்ளதான் இருக்கு. கையைக் கட்டி வெச்சிருக்கோம்."

அன்றைக்கு அப்புறம் காப்பிப் புகார்களுக்கு நான் சிரிக்கவில்லை. இரண்டு வாய்க் காப்பி போனால் போகட்டும், ஒரு பெண்ணின் கதவு மூடியிருக்கட்டும் என்றுதான் தோன்றியது. புகார் சொன்னவர்களுக்கெல்லாம் "இனிமே முதல் தடவையே சரின்னு சொல்லிப் பழகிக்குங்க" என்று பதில் எழுதினேன். ஒருவர் கூடப் பழகிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அனுபவம் எழுதிப் போடுவது மனிதர்கள் மட்டுமல்ல. சோதனைக் காலத்தில் துணையும் தன் சிரமங்களைத் தானே எழுதி அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. மோட்டார் இணைப்பில் தாமதம், கதவுப் பூட்டு இறுகுகிறது என்கிற மாதிரி வரும். எந்த வீடு என்பது மறைக்கப்பட்டிருக்கும், ஒரு குறியெண் மட்டும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே படிக்கிற சமாச்சாரம். அந்தப் புதன்கிழமை சாப்பிடப் போவதற்கு முன்னால் ஏதோ தோன்றி ஒரு பார்வை பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே இது இருந்தது:

'இந்த வீட்டில் ஒருவரிடம் ஒன்று கேட்டேன். வேண்டாம் என்றார். மறுப்பு விதி சரியாக வேலை செய்கிறது. அது சரியாக வேலை செய்வதுதான் சிரமம். மறுபடி கேட்க எனக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள யாராவது கேட்க முடியுமா?'

காப்பி கொடுக்காமல் அதற்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அதே வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது.

'சிரமம் அதிகமாகிறது.'

டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு ஹக்கீமிடம் ஓடினேன். அவர் இரண்டையும் படித்தார். முகம் மாறியது, ஆனால் கை அசையவில்லை.

"எந்த வீடுன்னு பாக்கற அனுமதி உங்ககிட்ட இருக்குதல்லங்க? பாருங்க."

"இருக்கு. பாக்க மாட்டேன்."

"யாருக்கோ உடம்புக்கு முடியலைன்னா?"

"சுயநினைவு போயிட்டா மறுப்பு தானா ரத்தாயிடும் மேடம். ஆம்புலன்ஸ் தானா போகும். அதை யோசிக்காம விதி எழுதலை."

"அப்ப மயங்கி விழுற வரைக்கும் பாத்துட்டே இருக்கச் சொல்றீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சுவது போல இருந்தது. "நல்ல காரணத்துக்கு நான் இன்னிக்கு ஒரு வீட்டைத் திறந்தேன்னா, நாளைக்கு இதே நல்ல காரணத்தைச் சொல்லி ஒருத்தன் லாத்தா வீட்டைத் திறப்பான். எல்லாருகிட்டயும் ஒரு நல்ல காரணம் இருக்கும் மேடம். அவன்கிட்டயும் இருந்துச்சு."

எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் சொல்வது சரி என்றும் தெரிந்தது. மறுபடி திரையைப் படித்தேன்.

"ஹக்கீம், இது கதவைத் திறக்கச் சொல்லலை. யாருகிட்டயும் தகவல் சொல்லச் சொல்லலை. கேக்கத்தான் சொல்லுது. திருப்பிக் கேக்கக் கூடாதுங்கறது அதுக்குத்தானே விதி? எனக்கில்லையே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மடமடவென்று தட்டினார். "வீடு தெரியாது, பேர் தெரியாது. குரல் மட்டும் போகும். அவங்க பேச்சை முடிங்கன்னா முடிச்சிடணும்."

"சரி."

ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

"வணக்கமுங்க. துணை அலுவலகத்துல இருந்து பேசறனுங்க. புதுப் பதிப்பு எப்படி இருக்குதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு..."

"நல்லா இருக்குதுங்க." பெண் குரல். நூலிழை மாதிரி வந்தது.

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? யாரையாச்சும் வரச் சொல்லட்டுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணும் வேண்டாமுங்க."

ஹக்கீம் தலையசைத்தார். அவ்வளவுதான், முடித்துவிடுங்கள் என்று அர்த்தம். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினேன். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் வாயைத் திறந்தபோது அந்தப் பக்கமிருந்தே கேள்வி வந்தது.

"நீங்க சாப்டாச்சுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் என் காதில் விழுகிற கேள்வி அது. 'சாப்டாச்சு'வில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும்.

"கனிஷ்கா?"

மூச்சு நின்று, பிறகு வந்தது. "அண்ணிங்களா?"

என் தம்பி மனைவி. நான் சீராகக் கொடுத்த வீட்டு மென்பொருள். இவ்வளவு நேரம் நான் ஹக்கீமிடம் வாதாடிக்கொண்டிருந்தது இவளுக்காக.

"என்ன கண்ணு பண்ணுது?"

"வவுறு வலிக்குதுங்க அண்ணி. போச்சாதுங்க, ஒண்ணுமில்லீங்க, படுத்தா சரியாப் போயிரும். அத்தை பவானிக்குப் போயிருக்காங்க. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க, மில்லுல வேலையா இருப்பாரு."

"டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"டாக்டரெல்லாம் வேண்டாமுங்க."

அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். வீட்டு முகவரி எனக்கு மனப்பாடம். எவன் விதி எவனுக்கு, ஒரு நம்பரைத் தட்டினால் போதும். ஹக்கீம் ஒன்றும் சொல்லாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. போத்தனூர் வீட்டு வாசல் கண்ணில் நின்றது.

"கனிஷ்கா, நீ சொல்லாம நான் யாரையும் அனுப்ப மாட்டேன். ஆனா நான் போனை வைக்க மாட்டேன். கேட்டுட்டேதான் இருப்பேன். வலி எப்படி இருக்குது, உள்ளது உள்ளபடி சொல்லு."

பதில் இல்லை. விசும்பல் மட்டும் கேட்டது. என் கை தானாக நம்பரை நோக்கிப் போனது.

"பேசாம இருந்தா சம்மதம் இல்ல மேடம்," என்றார் ஹக்கீம் மெதுவாக. அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"கண்ணு, எனக்குப் பயமா இருக்குது. நான் உனக்கு என்ன செய்யட்டும்? நீ சொல்லு. ஒரு வார்த்தை சொல்லு."

"அண்ணி..." என்றாள். பிறகு குழந்தை மாதிரி அழுதாள். "வலி தாங்க முடியலைங்க அண்ணி. கூப்புடுங்க. யாரையாச்சும் கூப்புடுங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. வாசல் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று சுவர் சொன்னது. பக்கத்து வீட்டு நர்சம்மா பெயரைச் சொல்லி அழைத்தது. தரணியின் போனுக்குத் தகவல் போனது, அரசு ஆஸ்பத்திரிக்கு அவள் ரத்த வகை போனது. இவ்வளவு நேரம் அது எப்படித் துடித்துக்கொண்டு நின்றிருக்கிறது என்பது அது ஓடிய வேகத்தில் தெரிந்தது.

கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. மயக்கம் போட்ட பிறகு கொண்டுவந்திருந்தால் கை விரித்திருப்போம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். நான் கோபி போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்து, ஆள் பிழைத்துவிட்டாள். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். நர்சம்மாவுக்கு, ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு, ரத்தம் கொடுக்க லாரியில் ஏறி வந்த தரணியின் மில் ஆட்களுக்கு. வராந்தாவில் ஒரு மூலையில் நின்று ஹக்கீமுக்குப் போன் செய்து, "பொழச்சுட்டா" என்று அழுதேன். அவர் அந்தப் பக்கம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கனிஷ்கா உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற அளவுக்குத் தேறியபோது ஹக்கீமே கூப்பிட்டார். "மேலிடத்துல ரெண்டு கட்சி மேடம். மறுப்பு விதியை எடுத்துடலாம்ங்கறாங்க சில பேரு. இயந்திரம் தானா புகார் எழுதறதை நிறுத்தணும்ங்கறாங்க மத்தவங்க. உங்க அனுபவத்தை எழுதச் சொல்றாங்க. என்ன எழுதுவீங்க?"

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கட்டிலருகே உட்கார்ந்து கனிஷ்காவிடம் சொன்னேன். "அந்தப் பாழாப்போன விதியை முதல்ல தூக்கச் சொல்லப் போறேன். மரியாதைக்குச் சொல்ற வேண்டாமுக்கும் நிஜ வேண்டாமுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதை."

"தூக்க வேண்டாமுங்க அண்ணி," என்றாள்.

"ஏன்?"

அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே பேசினாள். "நான் மரியாதைக்குச் சொல்லலீங்க. நிஜமாத்தான் சொன்னேன். டாக்டர்கிட்டப் போனா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க, நாள் தள்ளிப் போயிருந்துது. சொன்னதும் நீங்கெல்லாம் ஊருக்கே லட்டு குடுத்திருப்பீங்க."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"படிப்பை முடிச்சர்றேன், கொழந்தை இப்ப வேண்டாம்னு கல்யாணமான புதுசுலயே சொன்னனுங்க. வெக்கப்படறான்னு எல்லாரும் சிரிச்சாங்க. அவருகிட்டயும் சொன்னேன். அவரும் சிரிச்சாரு. அத்தை கோயிலுக்கு வேண்டிக்கிட்டாங்க. அப்பறம் சொல்றதையே உட்டுட்டனுங்க. துணைகிட்ட ஒரு நாள், இந்தக் கைப்பட்டையில என்ற நாள் கணக்கெல்லாம் வெச்சுக்க வேண்டாம்னு சொன்னேன். சரிங்கன்னு சொல்லுச்சு. அவ்வளவுதானுங்க. ஏன்னு கேக்கலை, சிரிக்கலை. இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து நான் சொன்னதை ஒரே தடவையில கேட்டது அது மட்டுந்தானுங்க அண்ணி."

"ஆனா கண்ணு, அதே சொவருதானே உன்னைப் பத்தி எனக்கு எழுதுச்சு?"

"என்னையப் பத்தி அது ஒண்ணும் சொல்லலீங்களே. கேக்க ஆள் வேணும்னுதானே சொல்லுச்சு. நீங்களும் நான் சொல்ற வரைக்கும் யாரையும் கூப்புடலை." அவள் முதன்முறையாக என் கையைப் பிடித்தாள். "ரெண்டும் இருக்கட்டும்னு எழுதுங்க. ஊட்டுக்குப் போனதும் நான் அதுக்கு ஒரு நன்றி சொல்லோணும்."

"சொன்னா, 'பரவால்லீங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுக்கும்," என்றேன். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அம்மா பிளாஸ்கோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பின்னால் தரணி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அம்மா உள்ளே வந்து பிளாஸ்கை வைத்தாள். என் அம்மா எதிலும் முதல் மறுப்பை மதித்து நான் பார்த்ததில்லை. தரணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். அம்மாதான் பேசினாள்.

"டாக்டரம்மா இன்னொரு குழாய் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க கண்ணு."

கனிஷ்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். குரல் நடுங்கியது, ஆனால் சொன்னாள். "எனக்கு இப்ப வேண்டாமுங்க அத்தை."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கலைந்திருந்த போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டாள்.

"சரி சாமி," என்றாள். "உனக்கு எப்பத் தோணுதோ, அப்ப நீயே சொல்லு. நான் கேக்க மாட்டேன்."